கரையோடு திரும்பிய கதைகள்

"அங்கே உருளைக்கிழங்கு, இங்கே நெல்லு. திருநெல்வேலிக்கும் ஐர்லாந்துக்கும் என்னவே பொருத்தம்?" என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். ஐரிஷ்காரர்களின் கதைகளைப் பற்றி நான் ஓயாமல் பேசிக்கொண்டிருப்பது அவருக்கு அலுத்துப் போயிருக்க வேண்டும். கேள்வி நியாயமானதுதான். பதிலை அப்போது சரியாகச் சொல்ல முடியவில்லை. இங்கே சொல்லிப் பார்க்கிறேன்.

மேலோட்டமான பதில் ஒன்று உண்டு. திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல், ஸ்காட்லாந்துப் பெற்றோருக்கு 1814-ல் ஐர்லாந்தில் பிறந்தவர். 1841-ல் இடையன்குடிக்கு வந்து, அந்தத் தேரிக்காட்டையே ஊராக்கிக்கொண்டு, கடைசியில் அங்கேயே அடக்கமானார். 1911-ஆம் வருஷம் ஜூன் 17-ந் தேதி மணியாச்சி ஜங்ஷனில் வாஞ்சிநாதனால் சுடப்பட்டு இறந்த கலெக்டர் ஆஷும் ஐர்லாந்தில் பிறந்தவர்தான். டப்ளினில் உள்ள டிரினிட்டி கல்லூரியில் படித்தவர். டோனாவூரில் குழந்தைகளுக்கு இல்லம் அமைத்து 1951-ல் அங்கேயே காலமான ஏமி கார்மைக்கேல் அம்மையாரும் அந்தத் தீவின் மகளே. போதாக்குறைக்கு, நம் சுதேசிக்காரர்கள் கையாண்ட பகிஷ்காரம் என்ற ஆயுதத்துக்கு இங்கிலீஷில் உள்ள பெயர், 1880-ல் ஐர்லாந்துக் குடியானவர்கள் ஒதுக்கிவைத்த பாய்காட் என்ற எஸ்டேட் ஏஜெண்டின் பெயர்.

ஆனால் இவை துணுக்குகள். இவற்றை வைத்துக்கொண்டு சபையில் சாதுரியமாகப் பேசலாம். இலக்கியம் பேச முடியாது. உண்மையான பொருத்தம் வேறிடத்தில் இருக்கிறது. ஐர்லாந்தும் திருநெல்வேலியும் ஜனங்களைக் கப்பலேற்றி அனுப்பிய சீமைகள். அனுப்பிய பிறகு அவர்களைப் பற்றி என்ன நினைத்தோம், என்ன எழுதினோம் என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன.

ஐர்லாந்தின் கதை உலகமறிந்தது. 1845-ல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்து பஞ்சம் வந்தது. சில ஆண்டுகளுக்குள் சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள். சுமார் பத்து லட்சம் பேர் நாட்டை விட்டுப் போனார்கள். பஞ்சம் நின்ற பிறகும் போவது நிற்கவில்லை. இன்று குடியரசாக இருக்கும் பகுதியில் 1841-ல் அறுபத்தைந்து லட்சம் ஜனங்கள் இருந்தார்கள். 1961-ல் இருபத்தெட்டு லட்சம் பேர்தான். ஒருவன் அமெரிக்காவுக்குப் புறப்படுவதற்கு முந்திய இரவில், செத்த வீட்டில் விழித்திருப்பது போல ஊரே கூடி விழித்திருக்கும் வழக்கம் அங்கே இருந்தது. போகிறவன் திரும்ப மாட்டான் என்று தெரிந்தே செய்த சடங்கு அது.

நம் கதை அவ்வளவு பிரசித்தமானதல்ல. காப்பித் தோட்டக் காலத்திலிருந்தே, பின்னர் காப்பியில் நோய் விழுந்து தேயிலை வந்த பிறகும், இலங்கை மலைகளுக்கு ஆள் திரட்டிய ஜில்லாக்களில் திருநெல்வேலியும் ஒன்று. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல். ஏறும் முன் தட்டப்பாறை முகாமில் நோய்க்காவல். 1914-க்குப் பின் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு ரயில்வேக்காரர்களின் கப்பல். சுதேசிக் கப்பல் கம்பெனி என்று நாம் பெருமையோடு சொல்கிறோமே, வ. உ. சி. 1906-ல் தொடங்கிய அந்தக் கம்பெனியும் போட்டியிட்டது இதே தூத்துக்குடி - கொழும்புப் பாதையில்தான். கப்பல்கள் யாருடையவை என்று நமக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது. கப்பலில் போன சனங்கள் யார் என்றுதான் மறந்துவிட்டோம்.

கார், பிசானம் என்று இரண்டு பூ விளைகிற தாமிரபரணிக் கரையிலிருந்து ஒருவன் ஏன் போக வேண்டும் என்று கேட்கலாம். விளைகிறது, யாருக்கு விளைகிறது என்பதே கேள்வி. பஞ்ச காலத்திலும் ஐர்லாந்திலிருந்து தானியம் ஏற்றுமதியாகிக்கொண்டுதான் இருந்தது. நெல் இருப்பது வேறு, நெல் தன்னுடையதாக இருப்பது வேறு. நிலமில்லாதவனுக்கு வற்றாத ஆறும் வறண்ட ஓடையும் ஒன்றே.

போனவர்கள் புதிய சொற்களுக்குள் போனார்கள். ஆள் சேர்த்தவன் கங்காணி. அவனிடம் பட்ட கடனை எழுதிய சீட்டு 'துண்டு'. அந்தத் துண்டோடு ஆளையும் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாற்றலாம். 1921-ல்தான் சட்டம் அதை ஒழித்தது. காலையில் ஆள் எண்ணுவது 'பெரட்டு'. குடியிருக்கும் வரிசை அறைகள் 'லயம்'. இப்படி ஒரு தனித் தமிழ் அங்கே உருவாகிக்கொண்டிருந்தபோது, இங்கே திருநெல்வேலித் தமிழில் உயர்ந்த கதைகள் எழுதப்பட்டுக்கொண்டிருந்தன. இரண்டும் எங்கே சந்தித்தன?

இதற்குப் பதில் தேடும் முன் ஐரிஷ்காரர்கள் என்ன செய்தார்கள் என்று பார்க்கலாம்.

ஜார்ஜ் மூர் 1903-ல் 'உழாத நிலம்' என்று பொருள்படும் பெயரில் ஒரு கதைத் தொகுதி வெளியிட்டார். அதில் வீட்டு ஏக்கத்தைப் பெயராகக் கொண்ட ஒரு கதை. நியூயார்க் சேரியில் மதுக்கடை வேலையில் உடம்பு கெட்ட பிரைடன், தேறுவதற்காக ஐர்லாந்தில் பிறந்த கிராமத்துக்கு வருகிறான். ஏரி, வயல், அன்பான ஒரு பெண் எல்லாம் கிடைக்கின்றன. கல்யாணமும் நிச்சயமாகிறது. அப்போது அந்த மதுக்கடையின் வாடை அவனை இழுக்கிறது. பொய்க் காரணம் சொல்லித் திரும்பிப் போய்விடுகிறான். அங்கே மனைவி மக்களோடு வாழ்ந்து கிழவனான பிறகு, அந்தக் கிராமமும் அந்தப் பெண்ணும்தான் அவன் நினைவில் நிற்கிறார்கள். மூர் இதில் யாரையும் குற்றம் சொல்லவில்லை. ஊர் மேல் ஏக்கம் இருக்கிறது. ஆனால் ஊரில் இருக்க முடியவில்லை. இரண்டும் உண்மை.

ஜாய்ஸ் 1914-ல் வெளியிட்ட டப்ளின் கதைகளில் ஈவ்லின் என்ற பெண் கப்பலேறுவதற்காகத் துறைமுகம் வரை வந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறாள். பிரையன் பிரீல் 1964-ல் எழுதி மேடையேறிய நாடகத்தில், பிலடெல்பியாவுக்குப் போகப்போகும் இளைஞனாக இரண்டு நடிகர்கள் வருகிறார்கள். ஒருவர் வெளியே பேசுகிறவர், இன்னொருவர் உள்ளே பேசுகிறவர். கடைசி இரவில் மகன், சிறு வயதில் அப்பாவோடு போன நீலப் படகை ஞாபகப்படுத்துகிறான். அப்பாவுக்கு நீலப் படகு ஞாபகமில்லை. அவருக்கு வேறொன்று ஞாபகமிருக்கிறது, அதை மகனிடம் சொல்லவில்லை. அவ்வளவுதான் நாடகம். ஒரு தேசமே அதற்குள் இருக்கிறது.

போனவன், போகாமல் நின்றவள், போகும் முன் பேச முடியாதவன், திரும்பி வந்து தங்க முடியாதவன் என்று ஒவ்வொரு படியிலும் ஐரிஷ்காரர்கள் நின்று பார்த்திருக்கிறார்கள்.

இனி நம் பக்கம். முதலில் நிற்பது புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'. 1935-ல் 'மணிக்கொடி'யில் வந்த நீண்ட கதை. தலைப்பே, பிஜித் தீவுக் கரும்புத் தோட்டப் பெண்களைப் பற்றிப் பாரதி பாடிய பாட்டை நினைவூட்டுவது. வாசவன்பட்டிச் சேரிப் பெண் மருதி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்ச் சீரழிகிறாள். தோட்டத்தின் பெயர் வாட்டர்பாலம். இங்கிலீஷ் பாதி, தமிழ் பாதியாகக் காதில் விழும் அந்தப் பெயரிலேயே அந்த உலகம் இருக்கிறது.

இந்தக் கதையின் பெருமை எது? தோட்டத்துக் கொடுமையைச் சொன்னது என்று பலர் சொல்லக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கொடுமையைச் சொல்வதற்குப் பத்திரிகைச் செய்தியே போதும். புதுமைப்பித்தன் செய்த காரியம், ஊரைச் சொர்க்கமாகக் காட்டாததுதான். மருதியைத் தள்ளிய கை வாசவன்பட்டியில் இருக்கிறது. பிடித்த கை தோட்டத்தில் இருக்கிறது. சைவ வேளாளர் வீட்டில் பிறந்த ஒருவர், தன் மண்ணின் மேல் அப்படி விரல் நீட்டி எழுதியது சாமான்யமல்ல. பசுமையான கிராமம், கொடுமையான அந்நியச் சீமை என்ற சுலபமான தராசை அவர் தூக்கிப் போட்டுவிட்டார்.

குறை என்று ஒன்று சொல்லலாமானால், அது அவருடைய காலத்தின் குறை. கதையை முடித்த பின் இலங்கை என்ற நாடு நம் மனத்தில் நிற்பதில்லை. ஒரு தோட்டம் நிற்கிறது. அங்கே போனவள் அழியலாம், அல்லது திரும்பலாம். அந்த நாட்டுக்காரியாக ஆகலாம் என்ற எண்ணத்துக்கு அதில் இடமில்லை. 1935-ல் அப்படி நினைக்க அவசியமும் இல்லை. கடலின் இரு கரையும் ஒரே ராஜாவின் கீழ் இருந்தன. புதுமைப்பித்தன் 1948 ஜூனில் காலமானார். அதே ஆண்டில்தான் அந்தக் கேள்வி பிறந்தது. அதற்கு அவர் பொறுப்பாளி அல்ல. பின்னால் வந்த நாங்கள்தான் பொறுப்பாளிகள்.

1948-ல், சுதந்திரம் பெற்ற சில மாதங்களுக்குள், இலங்கைப் பாராளுமன்றம் ஒரு பிரஜாவுரிமைச் சட்டம் செய்தது. மலைத் தோட்டங்களில் இரண்டு மூன்று தலைமுறையாக இருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்தச் சட்டத்தின்படி எந்த நாட்டுக்காரரும் அல்ல என்று ஆனார்கள். மறு வருஷம் ஓட்டும் போயிற்று. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் சார்பில் ஏழு பேர் பாராளுமன்றத்துக்குப் போயிருந்தார்கள். அவர்களைத் தேர்ந்தெடுத்த ஜனங்களின் பெயர் வாக்காளர் பட்டியலிலிருந்து நீங்கியது.

அதே 1949-ஐ ஐர்லாந்தின் பக்கம் பாருங்கள். அந்த ஏப்ரலில் ஐர்லாந்து, பிரிட்டிஷ் ராஜாவோடு இருந்த கடைசி இழையையும் அறுத்துக்கொண்டு குடியரசாகி, காமன்வெல்த்தை விட்டே வெளியேறியது. அதற்குப் பிரிட்டிஷ் பாராளுமன்றம் என்ன பதில் சொன்னது? ஐர்லாந்து பிரிந்து போனாலும் அந்நிய நாடு அல்ல என்று சட்டம் செய்தது. இங்கிலாந்தில் குடியிருந்த ஐரிஷ்காரனின் ஓட்டு அவனிடமே இருந்தது, இன்றும் இருக்கிறது. வாடகை வீட்டுக்காக அலைந்து அவன் பட்ட அவமானங்கள் வேறு கதை. ஆனால் சட்டத்தின் முன் அவன் நாடற்றவன் ஆகவில்லை. இந்தியாவோ அதே ஏப்ரலில் காமன்வெல்த்தில் நீடிக்க இசைந்தது. இலங்கையும் அதில் இருந்தது. சண்டை போட்டுப் பிரிந்தவர்களின் ஜனங்களுக்கு உரிமை தங்கியது. ஒரே குடும்பம் என்று சேர்ந்து உட்கார்ந்தவர்களின் ஜனங்களுக்கு அது போயிற்று.

இதில் ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஐர்லாந்து சிறியது, பக்கத்து நாடு பெரியது. நம் விஷயத்தில் சிறியது இலங்கை; பெரியது இந்தியா. பெரிய அண்டை வீட்டைக் கண்டு சிறிய வீட்டுக்கு வரும் பயம் இன்னதென்று ஐர்லாந்தின் கதையைப் படித்தவனுக்கு நன்றாகத் தெரியும். சிங்கள மக்களின் அந்தப் பயத்தை நாம் எள்ளி நகையாட வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பயத்துக்கு விலை கொடுத்தவர்கள் டெல்லியில் இருந்தவர்கள் அல்லர், லயத்தில் இருந்தவர்கள்.

1964 அக்டோபர் 30-ந் தேதி சாஸ்திரியும் சிறிமாவோ அம்மையாரும் ஒப்பந்தம் செய்தார்கள். ஒன்பது லட்சத்து எழுபத்தைந்தாயிரம் பேர் என்று கணக்கு. ஐந்தேகால் லட்சம் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை லட்சம் பின்னால் பார்த்துக்கொள்வது. அந்த மிச்சத்தையும் 1974-ல் சரிபாதியாகப் பிரித்தார்கள். விண்ணப்பம் வாங்காமல் இல்லை. ஆனால் விகிதம் ஏழுக்கு நாலு என்று முதலிலேயே எழுதியாகிவிட்டது. இதற்கு நேரெதிராக, 1998-ல் வட ஐர்லாந்தைப் பற்றிச் செய்த உடன்படிக்கையில், அங்கே பிறந்தவர் தம்மை ஐரிஷ்காரர் என்றோ, பிரிட்டிஷார் என்றோ, இரண்டும் என்றோ சொல்லிக்கொள்ளலாம் என்று ஒப்புக்கொண்டார்கள். தலையை எண்ணுவதற்கும் ஆளைக் கேட்பதற்கும் உள்ள வித்தியாசம் இது. ஆளைக் கேட்பது சர்க்காரின் வேலை மட்டுமல்ல. கதாசிரியனின் வேலையும் அதுவே. சர்க்கார் செய்யாதபோது அவன் செய்திருக்க வேண்டும்.

நான் செய்தேனா? என் கதையையே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தெருவில் ஓர் ஆச்சி இருந்தாள். 1970-களில் வந்தவள். சிலோன் ஆச்சி என்றுதான் எல்லாருக்கும் தெரியும். ரயிலைக் 'கோச்சி' என்பாள். பிள்ளைகள் நாங்கள் சிரிப்போம். அவள் ஒரு நாளும் 'ஊருக்கு வந்தேன்' என்று சொன்னதில்லை. 'இந்தியாவுக்கு வந்தேன்' என்றே சொல்வாள். என் இருபத்தைந்தாவது வயதில் அவளை மனத்தில் வைத்து ஒரு சிறுகதை எழுதினேன். கதையில் ஒரு கிழவி கப்பலை விட்டு இறங்குகிறாள். குனிந்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறாள். அத்தோடு கதை முடிந்தது. பாராட்டிக் கடிதங்கள் வந்தன. கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்ட எனக்கு அது பெரிய பட்டமாக இருந்தது. பெருமையோடு ஆச்சியிடம் போய்க் கதையை வாசித்துக் காட்டினேன்.

முழுக்கக் கேட்டாள். பிறகு, "அவ ஏன் ராசா மண்ணைக் கும்பிடுதா?" என்றாள். "எங்களை மூட்டை மாதிரி வரிசையில நிக்க வச்சாக. கைப்பிள்ளைய வச்சுக்கிட்டு ஒதுங்க ஒரு மறைவு கெடைக்குமான்னுதான் பாத்தேன். எங்க ஆத்தாவை அந்தப் பக்கம் பொதைச்சிட்டுல்ல வந்தேன்? கும்பிட்டா அந்த மண்ணைத்தான் கும்பிடணும்."

அன்றைக்கு எனக்கு வந்த விமரிசனத்துக்கு மேலான விமரிசனம் இதுவரை வரவில்லை. என் கிழவி எனக்குச் சௌகரியமாக அழுதாள். அவளைக் கரையில் இறக்கிவிட்டு நான் கையைத் தட்டிக்கொண்டு போய்விட்டேன். தாய் மண் என்று நான் எழுதியது என் தாய் மண், அவளுடையது அல்ல. மூர் 1903-லேயே கண்டுகொண்ட விஷயம் எனக்கு எட்டவில்லை. நம் கதைகளில் பெரும்பாலானவை இப்படித்தான். போகிறவனைக் கப்பலேற்றிவிட்டுக் கரையோடு திரும்பிவிடுகின்றன. வருகிறவனைக் கரையில் வரவேற்றுவிட்டு அங்கேயே முடிந்துவிடுகின்றன. நடுவில் உள்ள நூறு வருஷம் கடலில் கிடக்கிறது.

முயன்றவர்கள் இல்லையென்று சொல்ல மாட்டேன். கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' என்ற நாவல் தமிழ்க் கிராமத்திலிருந்து தோட்டம் வரை கூடவே போகிறது. அது வெளிவந்ததும் 1964-ல்தான். அந்த ஆண்டுக் கடைசியில் வந்த புயல் தனுஷ்கோடியையே அழித்தது. ஒப்பந்தம், நாவல், புயல் மூன்றும் ஒரே ஆண்டில். வேறு தேசமாக இருந்தால் அந்த ஆண்டைப் பற்றியே பத்து நாவல்கள் வந்திருக்கும்.

ஆனால் விட்டுப்போன அந்த நூறு வருஷத்தை முழுமையாக எழுதியவர்கள் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். மேலே சொன்ன ஏழு பேரில் ஒருவர் ஸி. வி. வேலுப்பிள்ளை, தலவாக்கலையின் பிரதிநிதி. தமக்கு ஓட்டுப் போட்டவர்கள் ஓட்டிழந்ததைக் கண்ட எழுத்தாளர் உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்? அவர் தோட்டத்து மக்களின் பாடல்களைத் திரட்டினார். 'வீடற்றவன்', 'இனிப்பட மாட்டேன்' என்று நாவல்கள் எழுதினார். தலைப்புகளே ஒரு சரித்திரம். அவருக்குப் பின் தெளிவத்தை ஜோசப். தாம் வாழ்ந்த தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு சேர்த்துக்கொண்டவர், 2022-ல் காலமானார். அவருடைய 'காலங்கள் சாவதில்லை' 1974-ல் வந்தது. இந்தியாவுக்குப் புறப்பட்டவர்களை மலையிலிருந்து ஏற்றிச் சென்ற ரயிலுக்கு அந்த ஜனங்கள் வைத்த பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. ஐர்லாந்தில் செத்தவனுக்கு விழித்திருப்பது போல விழித்திருந்தார்களே, அதே அழுகைதான். ஒரு வித்தியாசம். ஐரிஷ்காரன் பிறந்த நாட்டை விட்டுப் போகும்போது அழுதார்கள். இவர்களும் பிறந்த நாட்டை விட்டுத்தான் போனார்கள். அதற்குத் தாயகம் திரும்புதல் என்று நாம் பெயர் வைத்தோம்.

இந்த இடத்தில் ஒரு சபலம் வருகிறது. அவர்களும் தமிழர், போனது நம் சீமையிலிருந்து, ஆகவே இந்த எழுத்தெல்லாம் நம்முடையதுதானே என்று சொந்தம் கொண்டாடத் தோன்றுகிறது. ஐர்லாந்து இங்கேதான் நமக்குக் கடைசிப் பாடம் சொல்கிறது. ஏட்ஸும் ஜாய்ஸும் எழுதியது இங்கிலீஷில். அதனால் அவர்கள் இங்கிலீஷ் இலக்கியத்தின் ஒரு கிளை என்று சொன்னால் டப்ளினில் யாரும் ஒப்ப மாட்டார்கள். பாஷை ஒன்றாக இருக்கலாம். வாழ்ந்த வாழ்க்கை வேறு. மலையகத் தமிழர் என்று அவர்கள் தங்களுக்கு ஒரு பெயர் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பெயரில் திருநெல்வேலி இல்லை, மலைதான் இருக்கிறது. 2003-ல் இலங்கைப் பாராளுமன்றம் எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுக்கச் சட்டம் செய்தது. அந்த மலை தங்களுடையது என்று எழுத்தில் அவர்கள் அதற்கு முப்பது வருஷம் முன்பே நிலைநாட்டிவிட்டார்கள்.

ஆகையால் அவர்களை நம் வீட்டுப் பிள்ளைகளாகத் தத்தெடுத்துக்கொள்ள வேண்டாம். அண்டை வீட்டுப் பெரியவர்களாக மரியாதை செய்து படிப்போம். நாம் எழுத வேண்டியது வேறு இருக்கிறது. போனவர்கள் போன பிறகு இங்கே யார் அவர்கள் நிலத்தில் நின்றார்கள், வந்தவர்கள் வந்த பிறகு நம் தெருவில் அவர்களை யார் என்ன சொல்லி அழைத்தார்கள் என்பது நம் கதை. அதை எழுத நாம் கப்பலேற வேண்டியதில்லை; வாசலில் இறங்கினால் போதும்.

என் நண்பருக்கு இதுதான் பதில். ஆச்சி இப்போது இல்லை. அந்தக் கதையை என் தொகுதிகள் எதிலும் சேர்க்கவில்லை. திருத்தி எழுத இரண்டு முறை உட்கார்ந்தேன். ஒவ்வொரு முறையும் அவள் மண்ணைத் தொடக் குனியும் இடத்தில் பேனா நிற்கிறது. அவள் குனியாமல் நேரே நடந்து போனால் எங்கே போவாள் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. தெரிந்த பிறகு எழுதுவேன்.